டாங்கின் அடியில்

கட்டுமரத்துக்கு உள் என்று ஒன்று கிடையாது. செதுக்கிய கட்டைகளைச் சேர்த்துக் கயிற்றால் இறுக்கினால் மரம். கரைக்கு வந்து கயிற்றை அவிழ்த்தால் மறுபடியும் தனித்தனிக் கட்டை. தண்ணீர் அதன் மேலும் இடையிலும் போய்வந்துகொண்டிருக்கும். அதில் எதையும் மறைத்து வைக்க முடியாது. எதுவும் தங்கி அழுகவும் முடியாது. ஆங்கிலம் அந்தச் சொல்லை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு போய் இரட்டை உடல் கொண்ட படகுகளுக்குப் பெயராக வைத்துக்கொண்டது. அது போகட்டும். என் தகப்பனார் பழவேற்காட்டுக்குத் தெற்கே ஒரு குப்பத்திலிருந்து அப்படிப்பட்ட மரத்தில் தொழிலுக்குப் போனவர். வலை, துடுப்பு, பாய், சோற்றுப் பாத்திரம், குடிக்கத் தண்ணீர் இவைதான் அவர் எடுத்துப்போனவை. காற்று அடித்தால் போவார், அடிக்காவிட்டால் துடுப்பு. காற்றை முன்பணம் கொடுத்து வாங்கிச் சேமித்து வைக்கவேண்டிய அவசியம் அவருக்கு இருந்ததில்லை.

எஞ்ஜின் வந்தபோது படகுக்கு ஒரு வயிறு வந்துசேர்ந்தது. இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் 1952-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி மறுவருஷம் கேரளத்தில் நீண்டகரையில் தொடங்கிய திட்டத்தைத்தான் இதன் ஆரம்பமாகச் சொல்வது வழக்கம். பிறகு நம் கரையிலும் விசைப்படகுகள். 1979-இல் ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையில் அலுவலகம் போட்டுக்கொண்டு சிறு படகுகளையும் எஞ்ஜின்களையும் பரிசோதித்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்து குவிந்த ஃபைபர் படகுகள் கட்டுமரத்தை ஏறக்குறைய முடித்துவைத்தன. இந்த மாற்றத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எஞ்ஜினைப் பற்றிப் பேசுகிறார்கள், வலையைப் பற்றி, இறால் ஏற்றுமதியைப் பற்றி, கடனைப் பற்றிப் பேசுகிறார்கள். டாங்கைப் பற்றிப் பேச்சு எழுவதில்லை. அது எஞ்ஜின் அறையின் இருட்டில் ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கும் இரும்புப் பெட்டி. ஊற்றினால் வாங்கிக்கொள்ளும், கேட்டால் கொடுக்கும். ஒழுக ஆரம்பிக்கும்வரை அதற்கு முகம் கிடையாது.

நான் கடலுக்குப் போகவில்லை. டிப்ளமோ படித்துவிட்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் உருக்காலையின் பழைய இரும்பு முற்றத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். லாரி லாரியாக வந்து இறங்கும் காயலான் சாமான்களைப் பார்வையிட்டு, எது உலைக்குப் போகலாம், எது போகக்கூடாது என்று பிரித்துச் சொல்வது என் வேலை. உடைந்த கட்டில், பஸ்ஸின் அடிச்சட்டம், ரோடு ரோலரின் சக்கரம், இயந்திரங்களின் கைகால்கள் என்று சகலமும் வரும். இவையெல்லாம் மின்தூண்டல் உலையில் 1,600 டிகிரிக்கு உருகி, வார்க்கப்பட்டு, உருளைகளுக்கிடையே நீண்டு, கட்டடக் கம்பிகளாக வெளியே போகும். இந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட ஆலைகள் பல. எங்களுக்கு ஒரு விதி உண்டு. மூடிய பாத்திரம் எதுவும் திறக்கப்படாமல் உலைக்குப் போகக்கூடாது. டிரம், சிலிண்டர், இரண்டு முனையும் நசுங்கி அடைபட்ட குழாய், எதுவானாலும் சரி. உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தால் போதும். தண்ணீர் நீராவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரிகிறது. உருகிய இரும்புக்குள் அது நடந்தால் உலையின் பக்கத்தில் நிற்பவன் மேல் இரும்பு மழை பெய்யும். ஆகவே பதினெட்டு வருஷங்களாக நான் செய்துவருவது ஒன்றுதான்: மூடியிருப்பவற்றைச் சந்தேகப்படுவது.

என் அண்ணன் காசிமேட்டில் ஒரு லாஞ்சுக்குச் சொந்தக்காரர். மரத்தில் கட்டிய பழைய லாஞ்சு, சுமார் ஐம்பது அடி. இவர் மூன்றாவது ஓனர். 2022 தொடக்கத்திலிருந்தே அதன் எஞ்ஜின் நடுக்கடலில் திக்க ஆரம்பித்திருந்தது. ஃபில்டரைக் கழற்றினால் கறுப்பாக வழவழவென்று ஒரு பாசி. டிரைவர் அதை வழித்து எறிந்துவிட்டு, குழாய்களில் காற்றை வெளியேற்றி மறுபடி கிளப்புவார். ஒரு ராத்திரி ஆந்திரக் கரைக்கு நேரே, கப்பல்கள் போய்வரும் தடத்தில், எஞ்ஜின் நின்று இரண்டு மணி நேரம் விளக்கைப் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறார்கள். பிறகு படகின் அடிவயிற்றில் தேங்கும் தண்ணீரிலும் டீசல் மினுங்க ஆரம்பித்தது. ஏப்ரலில் தடைக்காலம் வந்து படகு கட்டப்பட்டதும் அண்ணன் போன் செய்தார். "நீதான் டெய்லியும் இரும்பப் பாக்கறியே. வந்து இத ஒரு தபா பாத்துட்டுப் போ" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டி யூனிட் ரயிலைப் பிடித்துப் போனேன்.

டீசல் தண்ணீரைவிட இலேசானது. ஒரு லிட்டர் எடை ஏறக்குறைய 840 கிராம். எனவே டாங்கில் தண்ணீர் இருந்தால் அது அடியில்தான் இருக்கும். அந்தத் தண்ணீரை யாரும் ஊற்றுவதில்லை. டாங்கின் தலையில் காற்று போய்வர ஒரு குழாய் உண்டு. எண்ணெய் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் எஞ்ஜினுக்கு எண்ணெய் இறங்காது. பகலில் சூடேறி உள்காற்று வெளியேறுகிறது. இரவில் குளிர்ந்து வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. கடற்காற்று ஈரம். அது தகட்டின் உட்புறம் வியர்வையாகக் கோத்து, வழிந்து, எண்ணெயைத் துளைத்துக்கொண்டு அடிக்குப் போகிறது. ஒரு நாளைக்குச் சில சொட்டுகள்தான். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடை 2001-இல் 45 நாட்களாகத் தொடங்கியது; 2017 முதல் 61 நாட்கள், ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை. அத்தனை நாளும் பாதி காலியான டாங்க் வெயிலில் நின்று மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது. மீன்கள் இனவிருத்தி செய்யட்டும் என்று மனிதன் ஒதுங்கி நிற்கும் அதே நாட்களில் டாங்கின் அடியிலும் ஒரு விருத்தி நடக்கிறது. எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் அந்தக் கோட்டில் ஒரு வகைப் பூசணமும் பாக்டீரியாவும் குடியேறுகின்றன. அவற்றுக்கு மேலே உணவு, கீழே குடிநீர். அவை வெளியிடும் அமிலம் தகட்டை அரிக்கிறது. அவற்றின் உடல்தான் ஃபில்டரில் வந்து சேரும் பாசி.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. எஞ்ஜினுக்குத் தண்ணீர் போய்விடக்கூடாது என்பதற்காக உறிஞ்சு குழாயின் வாயை டாங்கின் அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் வைத்துக் கட்டுகிறார்கள். நியாயமான முன்யோசனைதான். ஆனால் அந்த நாலு விரலுக்குக் கீழே இருப்பதை யாரும் தொடுவதில்லை. வருஷத்துக்குப் பதினெட்டாயிரம் லிட்டர், இருபதாயிரம் லிட்டர் என்று எண்ணெய் வந்து போய்க்கொண்டிருக்கும். அடித்தண்ணீர் மட்டும் போகாது. எஞ்ஜினைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடே டாங்கைக் கொல்லும் தண்ணீரையும் காப்பாற்றுகிறது.

உருவம், உள்ளடக்கம் என்று நம் பத்திரிகைகளில் ஒரு தலைமுறை வாதிட்டது. அந்த வாதங்களில் பாத்திரம் என்ற உவமை அடிக்கடி தலைகாட்டும். உருவம் பாத்திரம், உள்ளடக்கம் அதில் ஊற்றப்படுவது என்பது ஒரு கட்சி. அப்படிப் பிரிக்க முடியாது என்பது எதிர்க்கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் பாத்திரத்தில் இருப்பது நாம் ஊற்றியது மட்டுமே என்று எடுத்துக்கொண்டதாக எனக்குப் படுகிறது. பழைய இரும்பு முற்றத்தில் நிற்பவனுக்கு அந்த நிச்சயம் கிடையாது. ஊற்றியது தீர்ந்துபோயிருக்கும். ஊற்றாதது அடியில் இருக்கும். பாத்திரத்தை முடிப்பது அதுதான். பாத்திரத்தை வெட்டப்போகிறவனை முடிப்பதும் அதுவாக இருக்கலாம்.

இது உவமையாகச் சொன்னதில்லை.

அண்ணன் கூப்பிட்டிருந்த வெல்டர் அறுபதைக் கடந்தவர். எல்லோருக்கும் அவர் பாய். இடது காது கேட்காது. பையனாகப் பட்டறையில் எடுபிடியாக இருந்த காலத்தில் யாரோ ஒரு காலி டிரம்மின் மேல் நெருப்பை வைத்தபோது போன காது. டிரம்மின் மூடி கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்ப் பக்கத்துத் தெருவில் விழுந்ததாம். நெருப்பு வைத்தவரைப் பற்றி அவர் சொல்லவில்லை; நாங்களும் கேட்கவில்லை. பாய் எஞ்ஜின் அறைக்குள் இறங்கி, டார்ச் அடித்து, சின்னச் சுத்தியால் டாங்கின் பக்கங்களைத் தட்டிக்கொண்டே கீழே போனார். மேலே கணீர் என்று கேட்டது. அடியை நெருங்க நெருங்க ஓசை மந்தமாகி, கடைசியில் அட்டையைத் தட்டுவதுபோல ஆயிற்று. டாங்க் உட்கார்ந்திருந்த தாங்குகட்டைகள் ஊறிக் கறுத்திருந்தன. கட்டைக்கும் தகட்டுக்கும் இடையில் உப்புத் தண்ணீர் தேங்கி வெளியிலிருந்தும் தின்றிருந்தது. உள்ளிருந்து ஒன்று, வெளியிலிருந்து ஒன்று. நடுவே காகிதம்போலத் தகடு.

அண்ணன் அடைத்துவிடப் பார்த்தார். "பாய், தண்ணி ஊத்திக் கழுவிட்டு மேல ஒரு தகடு வெச்சு அடிச்சா ஆவாதா?"

"ஆவும். போன தபா ஒருத்தனுக்கு ஆச்சு. அதுக்கு முந்தியும் ஆச்சு. ஆவாத தபா ஒண்ணுதான் வரும் தம்பி. அது வந்தா அப்பறம் தபாவே இல்ல."

அண்ணனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. தடைக்காலத்தில் வரும்படி இல்லை. வலை புதுப்பிக்க, அடிப்பலகைக்குத் தார் பூச, எஞ்ஜின் பார்க்க என்று ஏலக்காரரிடம் வாங்கிய முன்பணம் ஏற்கனவே கரைந்திருந்தது. முன்பணம் வாங்கியவர் பிடித்துவரும் மீனை அந்த ஏலக்காரரிடம்தான் போட வேண்டும். அவர் சொல்லும் கழிவுதான் கழிவு. இன்னொரு முறை கை நீட்டினால் அடுத்த வருஷத்து மீனும் இப்போதே விற்றுப்போனதாக அர்த்தம். ஒட்டுப்போட்டால் சில ஆயிரத்தில் முடியும் வேலை. மாற்றுவதென்றால் தகடு, கூலி, அதற்கு மேல் டெக்கைப் பிரித்து மறுபடி மூடும் ஆசாரிக் கூலி. டெக் ஏன் என்றால், டாங்க் படகுக்குள் வைக்கப்பட்டதில்லை. டாங்கை வைத்துவிட்டு அதன்மேல் படகைக் கட்டி முடித்திருக்கிறார்கள். எஞ்ஜின் அறையின் வாயைவிட டாங்க் பெரிது. அது வெளியே வர வேண்டுமானால் ஒன்று டாங்கை உள்ளேயே வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் படகைத் திறக்க வேண்டும்.

உள்ளே வெட்ட முடியாது என்று பாய் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதற்குக் காரணம் அனுபவம். எனக்குத் தெரிந்த காரணம் ஓர் எண். எண்ணெயின் ஆவி ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை ஒன்று உண்டு. சர்வதேசக் கப்பல் விதிகள் கப்பலில் எரிக்கும் எண்ணெய்க்கு அது பொதுவாக 60 டிகிரிக்குக் குறையக்கூடாது என்கின்றன. நம் ஊர் பங்குகளில் விற்கும் சாதாரண டீசலுக்கு இந்தியத் தர நிர்ணயம் கேட்பது குறைந்தபட்சம் 35 டிகிரிதான். லாஞ்சுகள் போட்டுக்கொள்வது இந்த டீசலைத்தான். பெட்ரோல் அளவுக்கு டீசல் பற்றாது என்ற பொது நம்பிக்கை தவறில்லை. ஆனால் அது குளிர்ந்த நாட்டில் பிறந்த நம்பிக்கை. கத்திரி வெயிலில் சென்னை 40 டிகிரியைத் தாண்டுகிறது. டெக்குக்குக் கீழே, காற்றோட்டமில்லாத இரும்புப் பெட்டிக்குள் அது இன்னும் எவ்வளவு இருக்கும்? தடைக்காலமும் கத்திரியும் ஒரே சமயத்தில் வருகின்றன. டாங்க் வேலை நடப்பதும் அப்போதுதான்.

நிரம்பிய டாங்கில் ஆவிக்கு இடமில்லை. காலி டாங்கில் சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் படலம் போதும், முழு வயிறும் ஆவியாக. "ரொம்பின டாங்க் சும்மா இருக்கும், காலி டாங்குதான் ஆளக் கொல்லும்" என்பது பாய் தன் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம். இரண்டாவது பாடம், அதற்குள் தலையை விடாதே என்பது. துருப்பிடிப்பது என்றால் இரும்பு பிராணவாயுவைத் தின்பது. நாள்பட மூடிக்கிடந்த டாங்கில் துரு தின்றது போக மிச்சமிருக்கும் காற்று பார்வைக்குக் காற்றுதான். சுவாசித்தால் இரண்டு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் சாய்வான். பெரிய கப்பல்களிலும் நகரத்துச் சாக்கடைகளிலும் இப்படித்தான் ஒருவர் பின் ஒருவராகச் செத்திருக்கிறார்கள்.

அண்ணன் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ஆசாரியைக் கூப்பிட்டு டெக்கைப் பிரிக்கச் சொன்னார். கூடுதல் பணம் அண்ணியின் நகையிலிருந்து வந்தது என்று பிறகு தெரிந்தது. ஏன் மனம் மாறினார் என்று நான் கேட்கவில்லை. அவராக ஒருநாள் சொன்னார்: "பாய் முடியாதுன்னா இன்னொருத்தன் வருவான். அவன் சின்னப் பையனா இருப்பான்." அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பலகைகளை ஒவ்வொன்றாக எண் போட்டுக் கழற்றினார் ஆசாரி. குழாய்களைப் பிரித்து, மிச்ச எண்ணெயைக் கைப்பம்பால் டிரம்களில் இறைத்த பிறகு, செயின் பிளாக் போட்டு டாங்கைத் தூக்கினார்கள். அடியில் மாட்டியிருந்த தாங்குகட்டையின் சிராய்கள் தகட்டோடு பிய்ந்து வந்தன. அது இருந்த இடத்தில் ஒரு ஸ்பானர், ஈயக் குண்டுகள் சில, செதில் ஒட்டிய கறுப்புச் சேறு. கரையில் வைத்து மூடியைத் திறந்தபோது வாளியால் அள்ளும்படி அடிக்கசடு இருந்தது. பையன் ஒருவன் அதைத் துறைமுகத் தண்ணீரில் கவிழ்க்கப் போனான். அண்ணன் தடுத்து டிரம்மில் சேர்க்கச் சொன்னார். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கலந்தபோது, பாறைகளுக்கிடையில் நின்று வாளி வாளியாக அள்ளிய கூட்டத்தை அவர் பார்த்திருக்கிறார். அடுத்த வருஷம், 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் வந்து படகுகளையும் வலைகளையும் மெழுகியபோது இந்த டிரம்மை நினைத்துக்கொண்டேன். கடலின் அளவில் ஒரு டிரம் ஒன்றுமேயில்லை. எண்ணெயில் ஊறிய வலையைத் தூக்கிப் பார்த்தவர்களிடம் அந்தக் கணக்கைச் சொல்ல முடியாது.

புது டாங்கை ஒன்றாகச் செய்யாமல் இரண்டு சின்ன டாங்குகளாகச் செய்யச் சொன்னார் பாய். அடுத்த முறை மாற்றவேண்டி வந்தால் டெக்கைத் தொடாமல் எஞ்ஜின் அறையின் வாய் வழியாகவே வெளியே எடுக்கலாம். இன்னொருவர் செய்யப்போகும் வேலையை மனத்தில் வைத்துக்கொண்டு தன் வேலையைச் செய்வது அரிது. இந்த டாங்க் துருப்பிடித்துத் தீரும்போது பாய் இருக்கமாட்டார். ஐந்து மில்லிமீட்டர் தகடு. உள்ளே குறுக்காகத் துளையிட்ட தடுப்புத் தகடுகள். இல்லாவிட்டால் படகு சாயும்போது எண்ணெய் முழுவதும் ஒரே பக்கம் ஓடிச் சாய்வை அதிகமாக்கும். அடித்தகட்டை ஒரு மூலைக்குச் சரித்து, அந்தத் தாழ்ந்த மூலையில் தண்ணீர் இறக்க ஒரு வால்வு. கட்டைமேல் அப்படியே உட்காராமல், காற்று போகும்படி கால்கள். துரு பிடிக்காமலிருக்க உள்ளே துத்தநாகம் பூசலாமே என்று அண்ணன் கேட்டார். கூடாது. துத்தநாகம் டீசலோடு சேர்ந்து சோப்புபோல ஒன்றை உண்டாக்கி எஞ்ஜினை அடைத்துவிடும். வெளியில்தான் பெயிண்ட், உள்ளே வெறும் இரும்பு. எண்ணெய் படும்வரை எண்ணெயே அதற்குக் காவல்.

ஒட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கப் பாய் கையாண்ட முறை பழையது. பற்றவைத்த கோட்டின் வெளிப்பக்கம் சுண்ணாம்பைக் கரைத்துப் பூசிக் காயவிட்டார். உள்பக்கம் மண்ணெண்ணெய் தடவினார். தண்ணீர் நுழையாத துளையிலும் மண்ணெண்ணெய் நுழையும். ஓட்டை இருந்தால் வெள்ளையில் ஈரப்புள்ளி தோன்றும். நாங்கள் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது ஒரு மூலையில் கடுகளவு கறுத்திருந்தது. பாய் அதைத் தேய்த்துத் திறந்து மறுபடி அடைத்து, மறுபடி சுண்ணாம்பு பூசினார். இரண்டாம் தடவை வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

பழைய டாங்க் பற்றி யாருக்கும் அக்கறையில்லை. காயலான் கடைக்காரர் வந்து கிலோவுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். அதை அப்படியே கொடுக்கக்கூடாது என்று நான் நின்றேன். மேலே வெட்டவேண்டிய கோடுவரை தண்ணீர் நிரப்பிவிட்டு, மேல்தகட்டை முழுதாக எடுத்து, பக்கங்களையும் திறந்து விரித்த பிறகுதான் கொடுக்கலாம் என்றேன். கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. "வெட்ட எங்கிட்ட ஆள் கீறான் சார். எதுக்கு உங்களுக்குச் செலவு?" என்றார். ஆள் இருக்கிறான் என்பது எனக்கும் தெரியும். அந்த ஆளை நான் அறிவேன். என்றால் அவன் பெயரை அறிவேன் என்பதில்லை. கும்மிடிப்பூண்டி முற்றத்துக்கு வரும் ஒவ்வொரு லாரியிலும் அவன் வெட்டிய விளிம்புகள் வருகின்றன. அவசரமாக, கோணலாக, சில சமயம் பாதியில் நிறுத்தி. பாதியில் நின்ற வெட்டைப் பார்த்தால் நான் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பதுண்டு.

ஒரு சதுர மீட்டர் ஐந்து மில்லிமீட்டர் தகடு 39 கிலோ இருக்கும். பழைய டாங்கின் அளவுக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். எடைமேடையில் ஏற்றியபோது அதைவிடக் குறைந்தது. குறைந்தது போன இடம் தெரிந்ததுதான்: சேறாகவும் கசடாகவும் ஃபில்டரில் பாசியோடு கலந்த பழுப்பாகவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்கு. மிச்சமுள்ளது கும்மிடிப்பூண்டிக்கோ வேறெங்கோ போகும். எங்கள் உலைக்கே வந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. விரித்த தகட்டுக்கு அடையாளம் கிடையாது. உலையடியில் நிற்பவர்களில் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள். அவர்களில் பலர் கடலைப் பார்த்ததில்லை. காசிமேட்டில் ஒரு லாஞ்சின் அடியில் பல வருஷம் சேர்ந்த தண்ணீர் அவர்கள்மேல் தெறிக்கக்கூடும் என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை, அது சொல்லக்கூடிய விஷயமாக யாருக்கும் தோன்றுவதில்லை என்பதால்.

பழசை மாற்றுவது என்ற சொல்லை நாம் இலேசாகப் பயன்படுத்துகிறோம். பழசு போய்ப் புதுசு வருகிறது. புதுசைப் பற்றித்தான் நமக்குப் பேச்சு. ஆனால் பழசு எங்கும் போய்விடுவதில்லை. படகிலிருந்து வெல்டரின் கைக்கு, வெல்டரிடமிருந்து வெட்டுகிறவன் கைக்கு, அங்கிருந்து லாரிக்கு, முற்றத்துக்கு, உலைக்கு என்று அது கீழே இறங்கிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு படியிலும் விலை குறைகிறது, அபாயம் குறைவதில்லை. யார் எந்தப் படியில் அதைத் திறந்து உள்ளே இருப்பதை வெளியேற்றுகிறார்கள் என்பது ஒன்றுதான் வித்தியாசம். ஓனர் தன் படியிலேயே திறந்துவிட்டால் செலவு அவருக்கு. திறக்காமல் விற்றால் செலவு வேறொருவனுக்கு. அது ரூபாயில் இருக்காது. மாற்றுவதா ஒட்டுப்போடுவதா என்று அண்ணன் மூன்று நாள் யோசித்ததும் உண்மையில் இந்தக் கணக்கைத்தான். தடைக்காலத்தில் வருமானம் இல்லாத ஒரு மீனவர் அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். போட்டுக்கொள்ளாதவர்களை நான் குற்றம் சொல்ல முடியாது. அவர்களுக்கு மேலே உள்ள படிகளில், கையில் பணம் உள்ளவர்கள், எதையும் திறந்து பார்க்காமலே கீழே தள்ளிவிடும் வழக்கம் வெகுநாளாக இருந்துவருகிறது.

புது டாங்கில் வால்வு வைத்த பிறகு அண்ணனின் டிரைவர் ஒரு பழக்கம் செய்துகொண்டார். கிளம்புவதற்கு முன் ஒரு கண்ணாடிப் பாட்டிலை வால்வுக்கடியில் பிடித்துக் கொஞ்சம் திறப்பார். முதலில் வருவது தண்ணீர், பிறகு எண்ணெய். பாட்டிலைச் சற்று அசையாமல் வைத்திருந்தால் இரண்டுக்கும் இடையே கோடு தெளிந்து நிற்கும். கோட்டுக்குக் கீழே விரல் கனத்துக்கு மேல் இருந்தால் மறுபடியும் திறப்பார். இரண்டு நிமிஷ வேலை.

தடைக்காலத்துக்கு முன்னால் டாங்கை விளிம்புவரை நிரப்பிவிட்டால் உள்ளே காற்றுக்கு இடமிராது, வியர்வையும் இராது என்று பாய் சொல்லியிருந்தார். அப்படி நிரப்ப ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும். அந்தப் பணம் 61 நாள் இரும்புக்குள் தூங்கும். வீட்டில் தூங்காமல் இருப்பார்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் நான் அண்ணனுக்கு நினைவுபடுத்துகிறேன். அவரும் சரி என்கிறார். இந்த ஏப்ரலில் போய் மூடியைத் திறந்து அளவுகோலை இறக்கிப் பார்த்தேன். கோல் பாதிவரை நனைந்திருந்தது.